ஐ.நா. துப்பாக்கியைப் பிடுங்க வருகிறதா? ஆயுத ஒப்பந்தமும் நன்கொடைக் கடிதமும்

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை பார்ப்பவர் ஒரு மின்னஞ்சலை அனுப்பினார். "ஐ.நா. சிறு ஆயுத ஒப்பந்தம்" நிறைவேறினால் அமெரிக்கர்கள் வைத்திருக்கும் துப்பாக்கியெல்லாம் பதிவாகிப் பறிமுதலாகுமாம். உடனே மனுவில் கையெழுத்துப் போட்டு 35 டாலர் அனுப்பச் சொல்கிறது. இதில் எவ்வளவு உண்மை? அந்தப் பணம் எங்கே போகிறது?

பதில்:

பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. "ஐ.நா. சிறு ஆயுத ஒப்பந்தம்" என்ற பெயரில் உலகத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. இப்படிப்பட்ட கடிதங்கள் நான்கு தனித்தனி ஆவணங்களை ஒன்றாகக் குழைத்து, அந்தக் கலவைக்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றன. முதலாவது, அமெரிக்க நாடுகள் அமைப்பு 1997இல் கொண்டுவந்த துப்பாக்கிக் கடத்தல் தடுப்பு உடன்படிக்கை; சுருக்கமாக சிஃப்டா. அதில் கிளின்டன் கையெழுத்திட்டு 1998இல் செனட்டுக்கு அனுப்பினார். கால் நூற்றாண்டு கடந்தும் செனட் அதற்கு ஒப்புதல் தரவில்லை. இரண்டாவது, 2001இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சிறு ஆயுதச் செயல்திட்டம். அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மூன்றாவது, அதே 2001இல் உருவாகி 2005இல் நடைமுறைக்கு வந்த துப்பாக்கி நெறிமுறை. அதில் அமெரிக்கா கையெழுத்தே போடவில்லை. நான்காவதுதான் இப்போது பேசப்படுகிற ஆயுத வணிக ஒப்பந்தம். 2013 ஏப்ரல் 2ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் 154 நாடுகள் ஆதரித்தன. ஈரான், வடகொரியா, சிரியா ஆகிய 3 நாடுகள் எதிர்த்தன. 23 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்த 23இல் இந்தியாவும் உண்டு, இலங்கையும் உண்டு. 50ஆவது நாடு ஒப்புதல் தந்து 90 நாள் கழிந்ததும், 2014 டிசம்பர் 24ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

எந்தக் கடிதம் வந்தாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: இவர்கள் பேசுவது எந்த ஆவணம், அதன் எந்தப் பிரிவு? பிரிவு எண் தராத கடிதத்தை அந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடலாம். ஆயுத வணிக ஒப்பந்தத்தில் மொத்தம் 28 பிரிவுகள்தான். உட்கார்ந்தால் ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம், ஐ.நா. தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அதில் என்னதான் இருக்கிறது? 2ஆம் பிரிவு எட்டு வகை ஆயுதங்களைச் சொல்கிறது: போர் டாங்கிகள், கவச வாகனங்கள், பெரிய பீரங்கிகள், போர் விமானங்கள், தாக்குதல் ஹெலிகாப்டர்கள், போர்க்கப்பல்கள், ஏவுகணைகளும் ஏவு கருவிகளும், கடைசியாகச் சிறு ஆயுதங்களும் இலகு ஆயுதங்களும். அதே பிரிவு "கைமாற்றம்" என்றால் என்னவென்றும் வரையறுக்கிறது: ஏற்றுமதி, இறக்குமதி, நாட்டின் வழியே கடந்து போவது, கப்பல் மாற்றுவது, தரகு. அவ்வளவுதான். ஒரு நாட்டுக்குள் கடைக்காரர் வாடிக்கையாளருக்கு விற்பதும், அப்பா மகனுக்குக் கொடுப்பதும், வீட்டுப் பெட்டகத்தில் வைத்திருப்பதும் இந்த வரையறைக்குள் வரவே வராது. ஒப்பந்தம் எல்லைச் சாவடியில் நிற்கிறது. வீட்டு வாசலுக்கு வருவதில்லை.

முகவுரை இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது. தன் எல்லைக்குள் மட்டும் இருக்கும் ஆயுதங்களைத் தன் சட்டப்படியும் அரசியலமைப்பின்படியும் ஒழுங்குபடுத்துவது அந்தந்த நாட்டின் இறையாண்மை உரிமை என்று ஒரு பத்தி உறுதி செய்கிறது. பொழுதுபோக்கு, பண்பாடு, வரலாறு, விளையாட்டு ஆகியவற்றுக்காகச் சட்டப்படி ஆயுதம் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் கருத்தில் கொண்டதாக இன்னொரு பத்தி சொல்கிறது. இந்த இரண்டு பத்திகளையும் மேற்கோள் காட்டிய நன்கொடைக் கடிதம் எதையும் நீங்கள் பார்க்கப் போவதில்லை. காட்டினால் கடிதத்துக்கே வேலையில்லாமல் போய்விடும்.

"முகவுரை சட்டப்படி கட்டுப்படுத்தாதே" என்று உங்கள் நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆகவே 12ஆம் பிரிவுக்குப் போகலாம். பதிவேடு என்ற பயம் முளைக்கிற இடம் அதுதான். அதன் முதல் பத்தி: ஒவ்வொரு நாடும் தன் ஏற்றுமதி அனுமதிகளையோ நடந்த ஏற்றுமதிகளையோ பதிந்து வைக்க வேண்டும். இது கட்டாயம். இரண்டாம் பத்தி: தன் நாட்டுக்குள் வந்து சேரும் ஆயுதங்களையும் பதிந்து வைக்கும்படி ஊக்குவிக்கப்படுகிறது. மூன்றாம் பத்தி: அந்தப் பதிவுகளில் எண்ணிக்கை, மதிப்பு, மாதிரி, அனுப்பும் நாடு, பெறும் நாடு, பொருத்தமான இடத்தில் இறுதிப் பயனாளர் விவரம் ஆகியவற்றைச் சேர்க்கும்படி ஊக்குவிக்கப்படுகிறது. நான்காம் பத்தி: பதிவுகளைக் குறைந்தது 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பிரச்சினை முழுக்க "இறுதிப் பயனாளர்" என்ற அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. ஆஸ்திரியாவில் செய்த கைத்துப்பாக்கியை டல்லாஸில் வாங்கியவர்தான் இறுதிப் பயனாளர் என்று விரித்துப் படித்தால், வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கிய அமெரிக்கர்களின் பட்டியல் ஒன்று உருவாகிவிடுமே என்ற கவலை வருகிறது. அந்தக் கவலையை முட்டாள்தனம் என்று ஒதுக்கக் கூடாது. சட்டம் படித்தவர்களே எழுப்பிய கேள்வி அது. ஆனால் அந்த வாசகம் "ஊக்குவிக்கப்படுகிறது", "பொருத்தமான இடத்தில்" என்ற இரண்டு தளர்வுகளுக்கு நடுவே நிற்கிறது. "வேண்டும்" என்று அங்கே எழுதவில்லை. 13ஆம் பிரிவின்படி ஆண்டுதோறும் மே 31க்குள் தரவேண்டிய அறிக்கையில்கூட, வணிக ரகசியமோ தேசப் பாதுகாப்போ சம்பந்தப்பட்டதை விட்டுவிட அனுமதி இருக்கிறது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் சொந்தச் சட்டம், 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், மத்தியப் பதிவேடு உருவாக்குவதை நேரடியாகவே தடுக்கிறது. துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் கடைக்காரரிடம்தான் இருக்கிறது, ஜெனீவாவுக்குப் போவதில்லை.

ஜெனீவா என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ஒப்பந்தத்தின் செயலகம் அங்கே இருக்கிறது. 18ஆம் பிரிவே அதைக் குறைந்த அளவில் வைத்திருக்கச் சொல்கிறது. அறிக்கைகளை வாங்குவது, கூட்டங்களை நடத்துவது, உதவி கேட்கும் நாட்டையும் தரும் நாட்டையும் இணைப்பது ஆகியவைதான் அதன் வேலை. அதனிடம் ஆய்வாளர்கள் கிடையாது, படை கிடையாது, அபராதம் போடும் அதிகாரமும் கிடையாது. சிறுஆயுத ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் ஏறக்குறைய 39 கோடியே 30 லட்சம். நூறு பேருக்கு 120. இவ்வளவையும் பிடுங்க எந்த ஐ.நா. அதிகாரி எந்த ஊரில் வந்து இறங்குவார் என்று கடிதம் எழுதியவர்களைக் கேட்டால் பதில் வராது.

அடுத்தது அமெரிக்க நடைமுறை. 2013 செப்டம்பர் 25ஆம் தேதி அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இது உண்மை; வதந்தி ஊன்றி நிற்கும் உண்மையும் இதுதான். ஆனால் கையெழுத்து வேறு, ஏற்புறுதி வேறு. கையெழுத்திட்ட பின் அதிபர் அதைச் செனட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வெளியுறவுக் குழு பரிசீலித்து அவைக்கு அனுப்ப வேண்டும். வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். முழு அவையும் இருந்தால் அது 67 வாக்கு. இந்த ஒப்பந்தம் ஒருமுறைகூட அந்த வாக்கெடுப்புக்கு வந்ததில்லை. வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அடையாளம் இருக்கிறது: கையெழுத்துக்கு ஆறு மாதம் முன்பே, 2013 மார்ச்சில், அமெரிக்கா இதில் சேரக் கூடாது என்று செனட்டர் இன்ஹோஃப் கொண்டுவந்த திருத்தம் 53க்கு 46 என்று நிறைவேறியது. 67 தேவைப்படும் இடத்தில் 46.

ஒபாமா அதைச் செனட்டுக்கு அனுப்பியதே 2016 டிசம்பரில், பதவி முடிய ஒரு மாதம் இருக்கும்போது. 2019 ஏப்ரல் 26ஆம் தேதி இண்டியானாபொலிஸில் நடந்த தேசியத் துப்பாக்கிச் சங்க (என்.ஆர்.ஏ.) மாநாட்டு மேடையில் டிரம்ப் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அங்கேயே ஒரு தாளில் கையெழுத்திட்டு, பேனாவைக் கூட்டத்தை நோக்கி வீசினார். ஜூலையில் ஐ.நா.வுக்கு அதிகாரபூர்வக் கடிதம் போனது. இன்றைய நிலையில் அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தின் உறுப்பு நாடு அல்ல.

ஒரு பேச்சுக்கு 67 வாக்கும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தை ஒப்பந்தத்தால் மீற முடியாது. 1957இல் ரீட் எதிர் கோவர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: வெளிநாட்டோடு செய்துகொள்ளும் எந்த உடன்பாடும் அரசியலமைப்பின் தடைகளிலிருந்து அரசுக்கு விடுதலை தராது. தனிநபர் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை 2008இல் ஹெல்லர் வழக்கில் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மின்னஞ்சலின் மையக் குற்றச்சாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது.

"மற்ற நாடுகளில் நடந்ததே" என்று ஒரு வாதம் வரும். கனடாவைக் காட்டுவார்கள்: 2019இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 2020 மே மாதம் தாக்குதல் வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. தேதிகள் சரிதான். ஆனால் அந்தத் தடை கனடாவின் குற்றவியல் சட்டத்தின் கீழ் வந்தது. அதற்கு முந்தைய மாதம் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றதற்குப் பின் வந்தது. நியூசிலாந்தையும் சொல்வார்கள். அந்த நாடு 2014லேயே ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டது. சட்டத்தை மாற்றியதோ 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிப் படுகொலைக்குப் பிறகு. ஆஸ்திரேலியா கடுமையான சட்டம் கொண்டுவந்த 1996இலும், பிரிட்டன் கைத்துப்பாக்கியைத் தடை செய்த 1997இலும் இந்த ஒப்பந்தமே கிடையாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை இது.

எதிர்ப்பக்க உதாரணத்தை எவரும் சொல்வதில்லை. செக் குடியரசு இந்த ஒப்பந்தத்தின் உறுப்பு நாடு. அங்கே 2021இல், சட்டம் வகுக்கும் நிபந்தனைகளின்படி ஆயுதத்தால் தன்னையும் பிறரையும் காக்கும் உரிமையை அடிப்படை உரிமைச் சாசனத்திலேயே சேர்த்தார்கள். ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே துப்பாக்கி உரிமையை அரசியலமைப்பு நிலைக்கு உயர்த்தியிருக்கிறார்கள். ஜெனீவாவிலிருந்து யாரும் தடுக்கவில்லை. உங்கள் நண்பருக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல நேரம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 2006 ஜூன் 26 முதல் ஜூலை 7 வரை நியூயார்க்கில் சிறு ஆயுதச் செயல்திட்டத்தை மறுஆய்வு செய்யும் மாநாடு நடந்தது. தலைமை தாங்கியவர் இலங்கையின் ஐ.நா. தூதர் பிரசாத் காரியவசம். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று உலகம் முழுதும் துப்பாக்கித் தடையை ஐ.நா. நிறைவேற்றப் போகிறது என்று பிரச்சாரம் கிளம்பியது. அமெரிக்கர்கள் எழுதிய எதிர்ப்புக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் ஐ.நா.வில் குவிந்தன. அந்த ஜூலை 4 அன்று ஐ.நா. தலைமையகத்துக்கே விடுமுறை. அந்த மாநாட்டில் தடை என்ற பேச்சே கிடையாது என்று அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் தொடக்க உரையிலேயே சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மாநாடு ஒரு முடிவு ஆவணம்கூட இல்லாமல் கலைந்தது. ஆனால் அந்தக் கடிதங்களை எழுதியவர்களிடம் "தடுத்துவிட்டோம்" என்றுதான் சொல்லப்பட்டிருக்கும். இந்த வியாபாரத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது: வராத புலியை விரட்டியதாகக் கணக்கு எழுதலாம், அடுத்த ஆண்டு மறுபடி புலி வருகிறது என்று கூவலாம்.

2012இல் நடந்தது இன்னொரு பாடம். நவம்பர் 6 அன்று ஒபாமா மீண்டும் வென்றார். மறுநாளே ஆயுதக் குறைப்பைக் கவனிக்கும் ஐ.நா.வின் முதல் குழுவில், அடுத்த மார்ச்சில் இறுதிப் பேச்சுவார்த்தை நடத்தும் தீர்மானம் அமெரிக்க ஆதரவோடு 157க்கு 0 என்று நிறைவேறியது; 18 நாடுகள் ஒதுங்கின. தேர்தல் முடியும் வரை ஒளித்து வைத்திருந்தார் என்று தீயாகப் பரவியது. சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கி ஐ.நா. தலைமையகம் மூடிக்கிடந்ததால் தள்ளிப்போன வாக்கெடுப்பு அது. தேதி உண்மை, வாக்கு உண்மை, காரணம் மட்டும் இட்டுக்கட்டியது. நல்ல வதந்தி எப்போதும் இப்படித்தான் கட்டப்படுகிறது. அதனால் "எல்லாமே பொய்" என்று மறுத்தால் நீங்கள்தான் தோற்பீர்கள். நண்பர் அந்த ஒரு உண்மையைக் காட்டி உங்களை மடக்கிவிடுவார்.

இனிப் பணத்துக்கு வருவோம். 2011 வாக்கில் துப்பாக்கி உரிமைகளுக்கான தேசியச் சங்கம், செனட்டர் ரேண்ட் பால் பெயரில் ஒரு கடிதத்தைப் பரப்பியது. இந்த வகைக்கு அதை ஒரு முன்மாதிரி என்றே சொல்லலாம். தேசியத் துப்பாக்கிச் சங்கம் வேறு, இது வேறு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் வந்தால் உரிமம் கடுமையாகும், "அங்கீகாரமில்லாத" துப்பாக்கிகள் பறிமுதலாகி அழிக்கப்படும், அரைத் தானியங்கி வகைகளுக்குத் தடை வரும், பன்னாட்டுப் பதிவேடு வரும் என்று வரிசையாக அடுக்கியது. அந்த நேரத்தில் ஒப்பந்தத்தின் இறுதி வாசகமே எழுதப்பட்டிருக்கவில்லை. அது உருவாக இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. எழுதப்படாத ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று அத்தனை உறுதியாகச் சொன்ன கடிதம் அது. படிப்பவரை ஒரு "அதிகாரபூர்வ" கருத்துக்கணிப்பை நிரப்பச் சொன்னது. அதற்குப் பின்னால் நன்கொடை.

இந்தக் கருத்துக்கணிப்பு, மனு எல்லாம் எதற்கு? மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, கையெழுத்து போட்டவர் அடுத்த படியில் பணம் தருவது எளிது. மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு, பெயரும் மின்னஞ்சலும் அஞ்சல் குறியீடும் ஒரு சொத்து. நீங்கள் ஒரு பைசா தராவிட்டாலும் அந்தப் பட்டியலை ஆயிரம் பெயருக்கு இவ்வளவு என்று மற்ற அமைப்புகளுக்கும் வேட்பாளர்களுக்கும் வாடகைக்கு விடலாம். 35 டாலரைவிட உங்கள் முகவரி நீண்ட காலம் சம்பாதித்துத் தரும்.

மூன்றாவது காரணம் கணக்குப் பதிவியல். அமெரிக்கக் கணக்கியல் விதிகளின்படி, ஒரு கடிதம் நன்கொடை மட்டும் கேட்டால் அதை அச்சிட்டு அனுப்பும் செலவு முழுவதும் நிதிதிரட்டல் செலவாகத்தான் எழுதப்பட வேண்டும். அதே கடிதம், நோக்கம், யாருக்கு அனுப்பப்படுகிறது, உள்ளடக்கம் ஆகிய மூன்று சோதனைகளில் தேறி, படிப்பவரை அமைப்பின் குறிக்கோளுக்காக ஏதாவது ஒரு செயலைச் செய்யும்படியும் கேட்டால், செலவில் ஒரு பங்கைக் "கல்வி" அல்லது "திட்டம்" என்ற கணக்கில் ஏற்றலாம். "உங்கள் செனட்டருக்கு இந்த அட்டையை அனுப்புங்கள்" என்ற வரியும் மனுவும் அந்த வேலையையும் செய்கின்றன. பிறகு ஆண்டறிக்கையில் "நன்கொடையில் இத்தனை சதவீதம் திட்டங்களுக்கே போகிறது" என்று காட்டலாம். அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி உங்கள் வீட்டுக்கு வந்த அதே கடிதம். இது சட்டவிரோதம் அல்ல. எல்லாக் கட்சியினரும், எல்லா வகை அமைப்புகளும் செய்வதுதான். ஆனால் பணம் தருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். முதலில் கடிதத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தில் அமைப்பின் வகையைப் பாருங்கள். "நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கிடையாது" என்றிருந்தால் பெரும்பாலும் 501(சி)(4) அமைப்பு; அரசியல் செல்வாக்குக்காகச் செலவிடலாம், நன்கொடையாளர் பெயரைப் பொதுவில் சொல்ல வேண்டியதில்லை. விலக்கு உண்டென்றால் 501(சி)(3), அறக்கட்டளை வகை. "வேட்பாளரோ அவருடைய குழுவோ அங்கீகரிக்காதது" என்ற மாதிரி வரி இருந்தால் பெரும்பாலும் தேர்தலுக்காகப் பணம் திரட்டிச் செலவிடும் அரசியல் செயற்குழு (பி.ஏ.சி.). அதன் கணக்கு தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும். ஒரே குடும்பப் பெயரில் மூன்றும் இருக்கலாம். இவற்றில் எந்த அமைப்புக்குத் தருகிறீர்கள் என்பதைக் காசோலையில் யார் பெயர் எழுதச் சொல்கிறார்கள் என்பதுதான் சொல்லும்.

முதல் இரண்டு வகை என்றால், ஓரளவு பெரிய அமைப்பாக இருந்தால், அது வருவாய்த் துறைக்கு ஆண்டுதோறும் தரும் கணக்கான 990 படிவத்தை எடுங்கள். வருவாய்த் துறையின் தேடல் பக்கத்திலும், புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் தளத்திலும் இலவசம். அதில் 9ஆம் பகுதியைத் திறந்தால் செலவு நான்கு பத்திகளாக இருக்கும்: மொத்தம், திட்டம், நிர்வாகம், நிதிதிரட்டல். எல்லோரும் கடைசிப் பத்தியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கீழே 26ஆம் வரிக்குப் போங்கள். "கூட்டுச் செலவு" என்று ஒரு தொகை இருந்தால், நான் மேலே சொன்ன கணக்கு அதுதான். அடுத்து ஜி அட்டவணை: வெளியிலிருந்து அமர்த்திய நிதிதிரட்டும் நிறுவனங்களின் பெயர், அவர்கள் வசூலித்த தொகை, அவர்கள் எடுத்துக்கொண்டது, அமைப்புக்கு மிஞ்சியது என்று வரிசையாக இருக்கும். எல் அட்டவணையில் நிர்வாகிகளும் அவர்களுடைய உறவினர்களும் அமைப்போடு செய்த வியாபாரம். ஒரே ஆண்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்; மூன்று ஆண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். படிவம் தாமதமாகவே வரும். நிதியாண்டு முடிந்து ஐந்தாம் மாதம் கெடு, அதற்கு மேல் ஆறு மாத நீட்டிப்பு கிடைக்கும். ஆகவே கடந்த ஆண்டுக் கணக்கு இன்னும் வரவில்லை என்பதே குற்றம் ஆகாது.

உறுப்பினர் பணத்தைக் கண்காணிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தேசியத் துப்பாக்கிச் சங்கமே சாட்சி. பேனா வீசப்பட்ட அதே 2019 மாநாட்டில்தான் சங்கத்தின் தலைவர் ஆலிவர் நார்த், பணச் செலவு பற்றிய சண்டையில் பதவியைத் தொடர முடியாமல் போனார். 2020 ஆகஸ்டில் நியூயார்க் அரசு வழக்குத் தொடுத்தது. 2024 பிப்ரவரியில் மன்ஹாட்டன் நடுவர் குழு, பல்லாண்டு சங்கத்தை நடத்திய வெயின் லாபியர் சங்கப் பணத்தைத் தவறாகச் செலவழித்தார் என்று தீர்ப்பளித்து, 43 லட்சத்து 50 ஆயிரம் டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. அந்த வழக்கு ஐ.நா. ஒப்பந்தம் பற்றியது அல்ல, இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் 2011லும் 2012லும் ஐ.நா. கூட்டங்களுக்கே நேரில் போய் ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசியவரும் இந்த லாபியர்தான். துப்பாக்கி உரிமையை மனதார நம்பி, வயிற்றைக் கட்டி 35 டாலர் அனுப்பிய எளிய உறுப்பினர்தான் இதில் முதலில் ஏமாந்தவர். அவரைக் கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை.

இந்த வதந்தியால் இன்னொரு கேடும் நடந்திருக்கிறது. ஒப்பந்தத்தின் உண்மையான குறை அது கடுமையானது என்பதல்ல, வலுவில்லாதது என்பதுதான். 6ஆம் பிரிவின்படி, இனப்படுகொலைக்கோ பொதுமக்கள் மீதான தாக்குதலுக்கோ பயன்படும் என்று தெரிந்தே ஆயுதம் அனுப்பக் கூடாது. 7ஆம் பிரிவின்படி, ஆபத்து மிகுதியாக இருந்தால் ஏற்றுமதியை மறுக்க வேண்டும். பிரிட்டன் இதில் உறுப்பு நாடு. ஏமன் போர் நடக்கும்போதே சவூதி அரேபியாவுக்கு ஆயுதம் விற்றது. அந்த முடிவெடுத்த முறை சட்டத்துக்கு மாறானது என்று 2019 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதுவும் பிரிட்டனின் உள்நாட்டு வழக்கால் வந்தது, ஜெனீவாவால் அல்ல. இந்தியா ஒதுங்கியதற்கும் காரணம் வீட்டுத் துப்பாக்கி அல்ல. ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கும் சமநிலை இல்லை, பயங்கரவாதிகளுக்கும் அரசு சாராக் குழுக்களுக்கும் ஆயுதம் போவதைத் தடுப்பதில் வாசகம் பலவீனமாக இருக்கிறது என்பதுதான் டெல்லியின் வாதம். ஆயுதம் யார் கைக்குப் போய் யாரைக் கொல்கிறது என்ற இந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடத்தில், அமெரிக்காவில் பல ஆண்டுகளாக வீட்டுப் பெட்டகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதே நேர்மையோடு மறுபக்கத்துக்கும் சொல்ல வேண்டும்: இந்த ஒப்பந்தம் வந்தால் அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு குறையும் என்று யாராவது நன்கொடை கேட்டால் அதுவும் பொய்தான். உள்நாட்டு விற்பனை அதன் எல்லைக்குள் இல்லை என்பது இரு தரப்புக்கும் பொருந்தும்.

நண்பருக்குப் பதில் அனுப்பும்போது நீளமாக எழுதாதீர்கள். "கெர்ரி கையெழுத்திட்டது உண்மை. செனட் ஒப்புதல் தரவில்லை, 2019இல் டிரம்ப் விலக்கிக்கொண்டார். 2ஆம் பிரிவைப் படியுங்கள், எல்லை தாண்டும் வணிகம் மட்டும்தான் இருக்கிறது. பறிமுதல் என்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்று அனுப்பியவர்களிடம் கேளுங்கள்." இவ்வளவு போதும். குழுவில் எல்லார் முன்னிலும் போடாமல் தனியாக அனுப்புவது நல்லது. பத்துப் பேர் நடுவில் திருத்தப்பட்டவர் பிடிவாதமாகத்தான் நிற்பார். துப்பாக்கி உரிமை சரியா தவறா என்ற விவாதத்தை இதோடு கலக்காதீர்கள். அந்த உரிமையைத் தீவிரமாக ஆதரிப்பவரும் இந்தக் கடிதத்தை நிராகரிக்கலாம், அவருடைய பணமும்தானே போகிறது.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இரண்டு விஷயங்களை இன்றே பாருங்கள். மாதந்தோறும் பிடித்தம் என்ற கட்டம் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்ததா என்று ரசீதைப் பாருங்கள். அப்படியிருந்தால் அமைப்புக்கு எழுத்தில் நிறுத்தச் சொல்லி, அட்டை நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். ஒப்புதல் தராத தொகை கடன் அட்டையில் ஏறியிருந்தால், அந்தத் தொகை வந்த கணக்குச் சீட்டு அனுப்பப்பட்டு 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். இரண்டாவது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாதது: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் அரசியல் செயற்குழுவுக்கு நன்கொடை தருவது மத்தியத் தேர்தல் சட்டப்படி தடை. கிரீன் கார்டு உள்ளவருக்குத் தடையில்லை. தெரியாமல் அனுப்பியிருந்தால் குழுவின் பொருளாளருக்கு உங்கள் குடியேற்ற நிலையைச் சொல்லி, திருப்பித் தரக் கேட்டு எழுதுங்கள். சட்டத்துக்குப் புறம்பான நன்கொடை என்று தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் அதைத் திருப்பியாக வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலையும் பதிலையும் பத்திரமாக வைத்திருங்கள்.